கருவியை முதலில் முடிவுசெய்து வினாவைப் பிறகு தேடுவோருக்கு

கணினி வலையமைப்பை ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொள்ளும் எம்.டெக். மாணவரோ முனைவர் பட்ட ஆய்வாளரோ, எந்த சிமுலேட்டரைத் தேர்ந்தெடுப்பது என்று தம் துறையில் கேட்டுப் பார்க்கட்டும். பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: என்எஸ்-2. ஏன் என்று கேட்டால், எல்லாரும் அதில்தான் செய்கிறார்கள் என்பார்கள். இன்னும் துருவினால், அதில் செய்துகொடுக்க வெளியே ஆள் இருக்கிறது என்ற உண்மை தயங்கித் தயங்கி வெளிவரும். இவ்விரண்டு விடைகளுக்கும் எதிராகவே இந்தப் பதிவை எழுதுகிறேன். நீளமானது, பொறுமையுள்ளோர் வாசிக்க. (‘பாவனையாக்கி’ என்றும் ‘உருவகப்படுத்தி’ என்றும் சொல்லாக்கங்கள் உள்ளன என்பதை அறிவேன். ஆய்வகத்தில் எவர் வாயிலும் வராத சொல்லை இங்கே திணிக்க மனமில்லை. சிமுலேட்டர் என்றே எழுதுகிறேன்.)

மொழியியல் முதுகலை படித்தவளுக்கு இதில் என்ன வேலை என்பார்க்கு ஒரு விளக்கம். பெல்ஃபாஸ்ட் நகரின் மூன்று தொழிலாளர் குடியிருப்புகளை ஆராய்ந்து லெஸ்லி மில்ராய் 1980இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒருவரின் பேச்சொலிகள் அவர் எவரெவருடன் எவ்வளவு நெருக்கமாகப் பிணைந்திருக்கிறார் என்பதோடு தொடர்புடையவை என்பதை அந்நூல் அளந்து காட்டியது. அன்றுமுதல் வலையமைப்பு எங்கள் துறைக்கும் உரிய சொல். நெருக்கமான பிணைப்புள்ள குழுவில் ஒரு புதிய வழக்கு எவ்வாறு தேங்குகிறது, தளர்ந்த பிணைப்புகளின் வழியே எவ்வாறு பரவுகிறது என்பதே என் ஆய்வு. அதற்கு நானும் சிமுலேட்டர் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. எனக்கு வேண்டியது மனிதர்களைக் கணுக்களாகக் கொள்ளும் நெட்லோகோ போன்ற ஒன்று. பொறியியல் நண்பர்களுக்கு வேண்டியது பாக்கெட்டுகளைப் பின்தொடரும் ஒன்று. ஆனால் தேர்ந்தெடுக்கும் முறையில் நாங்கள் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றே. அதைத் துருவியபோது படித்தவற்றின் பலத்தில்தான் எழுதுகிறேன்.

நான் குடியிருப்பது அமீர்பேட்டில். ஐதராபாத்தை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சில வரிகள். மைத்ரிவனம் கட்டடத்தைச் சுற்றிய தெருக்களில் மென்பொருள் பயிற்சி நிலையங்கள் மாடிக்கு மாடி அடுக்கி நிற்கின்றன. இடையிடையே விடுதிகள், டிபன் கடைகள், நகல் எடுக்கும் கடைகள். ஆந்திரம், தெலங்கானம் மட்டுமின்றி நாடெங்குமிருந்தும் இளைஞர்கள் ஜாவாவும் பைத்தானும் கற்க இங்கே வருகிறார்கள். அவர்களை நான் குறைகூற மாட்டேன். கல்லூரி நான்கு ஆண்டுகளில் கற்பிக்காததை இந்தத் தெரு நான்கு மாதங்களில் கற்பிக்கிறது என்பது பலருக்கும் வாழ்வு தந்த உண்மை. நான் பேசுவது அதே மாடிகளில் இயங்கும் இன்னொரு தொழிலைப் பற்றி: பிராஜெக்ட் சென்டர். ‘ஐ-ட்ரிபிள்-ஈ பிராஜெக்ட்ஸ்’ என்ற பலகையின் கீழே எம்.டெக்., பிஎச்.டி. என்று எழுதியிருக்கும். சென்னையிலும் கோவையிலும் இதே பலகையைக் காணலாம். தமிழ்நாட்டு நண்பர்கள் ஐதராபாத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

அந்தத் துண்டறிக்கைகளை நான் சேகரித்து வைத்திருக்கிறேன். மொழியியல் படித்தவளுக்கு இது ஒரு நோய். அவற்றின் தலைப்புகளுக்கென்று ஒரு தனி இலக்கணம் உண்டு: ‘எஃபிஷியன்ட்’, ‘செக்யூர்’, ‘எனர்ஜி-அவேர்’, ‘நாவல்’ ஆகிய பெயரடைகளில் இரண்டோ மூன்றோ, பின்னர் ஒரு ரூட்டிங் நெறிமுறை, முடிவில் ‘யூசிங்’ என்றொரு சொல், அதற்குப் பின் கருவியின் பெயர். பெயரடைகளை இடம் மாற்றினால் புதிய ஆய்வுத் தலைப்பு பிறந்துவிடும். என் கவனத்தை ஈர்த்தது வரிசைமுறை. முதலில் கருவி கொட்டை எழுத்தில். அதன் கீழ் அக்கருவியில் ‘கிடைக்கும்’ தலைப்புகள். உணவகத்தில் தோசையின் கீழ் தோசை வகைகள் இருப்பதைப் போல. ஒரு துண்டறிக்கையில் 5ஜி பற்றிய தலைப்புக்கு எதிரே என்எஸ்-2 என்று கண்டேன். அதிகாரபூர்வமான என்எஸ்-2 வெளியீட்டில் நான்காம் தலைமுறைக்கான எல்.டி.இ. மாதிரியே இல்லை.

சென்ற பருவத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த ஓர் எம்.டெக். மாணவி என்னிடம் கேட்டாள்: “அக்கா, எந்த டூல் எடுக்கலாம்?” உன் கேள்வி என்ன என்று திருப்பிக் கேட்டேன். “அது இன்னும் முடிவாகல அக்கா. மொதல்ல டூல சொல்லச் சொல்றாங்க. டூல் ஃபிக்ஸ் ஆயிட்டா டைட்டில் அவங்களே குடுத்துடுவாங்க.” அவள் கெட்டிக்காரி, சோம்பேறியும் அல்லள். அவளுக்கு யாரும் வேறு வரிசையைக் காட்டவில்லை.

‘மென்பொருள் வெறும் கருவிதானே, எதில் செய்தால் என்ன’ என்பது துறைகளில் கேட்கும் இன்னொரு வாதம். இதுதான் எல்லாவற்றிலும் தவறான வாதம். தராசு வெறும் கருவியாக இருக்கலாம், சிமுலேட்டர் அப்படிப்பட்டதன்று. அதற்குள் ஓர் உலகம் எழுதப்பட்டிருக்கிறது. ரேடியோ அலை எவ்வளவு தூரம் செல்லும், இரண்டு அலைகள் மோதினால் என்ன ஆகும், மின்கலம் எப்படித் தீரும், மனிதர்கள் எப்படி நடமாடுவார்கள் என்பவற்றுக்கெல்லாம் யாரோ ஒருவர் விடை எழுதி வைத்திருக்கிறார். கருவியைத் தேர்வது அந்த விடைகளை ஒப்புக்கொள்வதாகும்.

டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த டேவிட் கோட்ஸும் அவருடைய குழுவினரும் 2003இல் கம்பியில்லா வலையமைப்பு ஆய்வுகள் ஆராயாமல் ஏற்றுக்கொண்ட பிழையான அடிக்கோள்களைத் தொகுத்தார்கள். உலகம் தட்டையானது, ஒரு ரேடியோவின் வீச்சு வட்ட வடிவமானது, எல்லா ரேடியோக்களுக்கும் ஒரே வீச்சு, நீ பேசுவது எனக்குக் கேட்டால் நான் பேசுவது உனக்கும் கேட்கும், கேட்டால் முழுவதும் தெளிவாகக் கேட்கும், அலையின் வலிமை தூரத்தை மட்டுமே பொறுத்தது. அமீர்பேட்டில் மெட்ரோ தூண்களுக்கும் ஐந்து மாடி விடுதிகளுக்கும் இடையே கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் எவரும் இந்த ஆறில் ஒன்றையேனும் நம்புவாரா? ஆனால் அதே தெருவின் மாடியில் தயாராகும் ஆய்வேட்டில் ஆறும் உண்மை.

என்எஸ்-2இல் எதையும் மாற்றாமல் விட்டால் ஒரு கணுவின் பேச்சு 250 மீட்டர் வரை எட்டும். 550 மீட்டர் வரை அதன் இருப்பு உணரப்படும். இவ்வெண்கள் லூசென்ட் நிறுவனத்தின் பழைய 914 மெகாஹெர்ட்ஸ் வேவ்லேன் அட்டையை ஒட்டி அமைக்கப்பட்டவை. அந்த அட்டையைக் கண்ணால் கண்ட மாணவர் இன்று ஒருவரும் இருக்க மாட்டார். ஆயினும் 250 என்ற எண் ஆய்வேட்டிலிருந்து ஆய்வேட்டிற்குக் கோத்திரம்போல் இறங்கி வருகிறது.

இன்னும் வியப்பானது ‘ரேண்டம்’ எண்ணின் கதை. தற்செயல் எண்களை உருவாக்க ஒரு தொடக்க விதை வேண்டும். என்எஸ்-2இல் இயல்பான விதை 12345. அதை மாற்றாமல் பத்துமுறை ஓட்டினால் பத்துமுறையும் அதே விடைதான் வரும். என்எஸ்-3இலும் விதை, ஓட்ட எண் இரண்டும் இயல்பாக 1. ஓட்ட எண்ணை ஒவ்வொரு முறையும் மாற்றவேண்டியது ஆய்வாளரின் பொறுப்பு. இதை அறியாமல் ‘பத்து ஓட்டங்களின் சராசரி’ என்று எழுதுபவர் ஒரே எண்ணைப் பத்துமுறை கூட்டிப் பத்தால் வகுத்திருக்கிறார்.

1998இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் குழுவினர் நான்கு ரூட்டிங் நெறிமுறைகளை என்எஸ்-2இல் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். 50 கணுக்கள், 1500 மீட்டருக்கு 300 மீட்டர் பரப்பு, 900 விநாடி, உச்ச வேகம் விநாடிக்கு 20 மீட்டர். ஏன் சதுரமின்றி நீள்செவ்வகம் என்பதற்கு அவர்கள் காரணம் சொல்லியிருந்தார்கள்: சதுரத்தைவிட நீண்ட வழித்தடங்கள் உருவாக வேண்டும் என்பதற்காக. அது அவர்களுடைய கேள்விக்குப் பொருத்தமான தேர்வு. பிற்காலத்தில் சென்சார் வயல்களைப் பற்றியும் வாகனங்களைப் பற்றியும் ஆய்வு செய்வோர் அதே 1500-க்கு-300ஐக் காரணம் இல்லாமல் எடுத்தாளத் தொடங்கினர். ஷோத்கங்காவில் ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டால் அந்த நீள்செவ்வகத்தைத் திரும்பத் திரும்பச் சந்திக்கலாம். ஏடு பெயர்த்து எழுதுவோர் பிழையையும் சேர்த்துப் பெயர்ப்பார்கள் என்பது சுவடிப்பதிப்பு படித்த எல்லாருக்கும் தெரியும். பிழைகளின் மரபை வைத்தே எந்த ஏடு எதிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கிறோம். பொறியியல் ஆய்வேடுகளுக்கும் அவ்வாறு ஒரு குலமரம் வரையலாம் போலிருக்கிறது.

கருவி மாறினால் விடை மாறுமா? மாறும். லொசான் நகரின் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த கவென், சாசோன், ஷிப்பர் ஆகியோர் 2002இல் இதைச் சோதித்தார்கள். ஒரு செய்தியை எல்லாருக்கும் பரப்பும் மிக எளிய வழிமுறையை எடுத்து, ஒரே அமைப்புகளுடன் ஓப்நெட், என்எஸ்-2, குளோமோசிம் ஆகிய மூன்றிலும் ஓட்டினார்கள். முடிவுகள் எண்ணளவில் மட்டுமின்றி, போக்கிலேயே வேறுபட்டன. கல்லூரி மாணவரும் எழுதிவிடக்கூடிய அவ்வளவு சிறிய வழிமுறைக்கே இந்நிலை என்றால், மூன்று பெயரடை சூட்டிய புதிய நெறிமுறைக்கு எந்நிலை?

பழியை நம் தெருக்களின்மேல் மட்டும் போடவும் முடியாது. கர்கோவ்ஸ்கி, கேம்ப், கொலக்ராசோ ஆகிய மூவரும் 2005இல் மோபிஹாக் என்னும் முதன்மையான பன்னாட்டு மாநாட்டின் 151 கட்டுரைகளை ஆராய்ந்தார்கள். 114 கட்டுரைகள் சிமுலேஷனை நம்பியிருந்தன. அவற்றுள் 34 கட்டுரைகள் எந்த சிமுலேட்டர் என்பதையே சொல்லவில்லை. சொன்ன 80இல் 35 என்எஸ்-2. அனைத்திலும் மீண்டும் செய்துபார்க்கத் தக்கவை 15 விழுக்காட்டிற்கும் குறைவு. உலகின் சிறந்த ஆய்வகங்களே இப்படி எழுதியிருக்கும்போது எங்களை ஏன் கேட்கிறீர்கள் என்று ஒரு பேராசிரியர் என்னிடம் வாதிட்டார். அவர்கள் தங்கள் புண்ணைத் தாங்களே எண்ணி வெளியிட்டார்கள், நாம் இன்னும் எண்ணவில்லை என்பதுதான் என் விடை.

இன்னுமொரு சான்று, எனக்கு மிகவும் பிடித்தது. கணுக்கள் நடமாடுவதைக் காட்ட நெடுங்காலம் பயன்பட்டது ‘ரேண்டம் வேபாயின்ட்’ மாதிரி. ஒவ்வொரு கணுவும் ஏதேனும் ஓர் இடத்தையும், சுழியத்திற்கும் உச்சத்திற்கும் இடைப்பட்ட ஒரு வேகத்தையும் தேர்ந்துகொண்டு செல்லும். சேர்ந்ததும் அடுத்ததைத் தேரும். உச்சம் 20 என்றால் சராசரி 10 என்று எல்லாரும் கருதினர். யூன், லியூ, நோபிள் ஆகியோர் 2003இல் இதன் ஓட்டையைக் காட்டினார்கள். சுழியத்திற்கு அருகிலான வேகத்தைத் தேர்ந்த கணு தன் பயணத்தை முடிக்கவே மாட்டாது. காலம் செல்லச் செல்ல மேலும் மேலும் கணுக்கள் அந்த மந்தகதியில் சிக்கிக்கொள்ள, சராசரி வேகம் இறங்கிக்கொண்டே போகும். ஆகவே 900 விநாடியின் முற்பகுதியில் அளந்த வலையமைப்பும் பிற்பகுதியில் அளந்ததும் ஒன்றல்ல. குறைந்தபட்ச வேகத்தைச் சுழியத்துக்கு மேல் வைத்தால் இந்தச் சரிவு நின்றுவிடும். ஓர் எண்தான். அதை மாற்ற வேண்டுமென்று அறிய, கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிந்திருக்க வேண்டும். வெளியில் செய்துவாங்கும் ஆய்வேட்டில் அந்த அறிவு எவரிடம் இருக்கிறது?

என்எஸ்-2ஐ இழிவுபடுத்துவது என் நோக்கமன்று. கேஷவ் உருவாக்கிய ரியல் என்னும் சிமுலேட்டரின் வழியில் 1989இல் முளைத்து, லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வளர்ந்து, 1995முதல் வின்ட் திட்டத்தின் ஆதரவில் பெருகிய மரபு அது. இணையத்தின் நெரிசல் கட்டுப்பாடு பற்றிய அடிப்படை ஆய்வுகள் பல அதில் நடந்தன. அந்தப் பழைய முடிவுகளை மீளாய்வு செய்பவருக்கு இன்றும் அதுவே சரியான கருவி. ஆனால் அதன் 2.35 பதிப்பு 2011 நவம்பரில் வெளிவந்தது; வழக்கிலிருக்கும் பதிப்பு இன்றும் அதுதான். புதிய கம்பைலர்களில் அதை நிறுவ முயலும் ஒவ்வொரு மாணவரும் லிங்க்ஸ்டேட் கோப்புறையின் 137ஆம் வரியில் முட்டிக்கொண்டு நிற்கிறார். அந்த ஒரு வரியைத் திருத்தும் முறையைத் தேடுவதே பலருக்கு வலையமைப்பு ஆய்வின் முதல் மாதம். என்எஸ்-3 அதன் அடுத்த பதிப்பு என்று எண்ணுவதும் பரவலான மயக்கம். 2006இல் புதிதாகத் தொடங்கி 2008இல் முதன்முதல் வெளிவந்த வேறொரு மென்பொருள் அது. என்எஸ்-2க்கு எழுதிய நிரல் அதில் ஓடாது.

எதைத் தேர்வது என்ற கேள்விக்கு நானும் ஒற்றைச்சொல் விடை தரப்போவதில்லை. கேள்வியைச் சொன்னால் கருவி தானே சுருங்கி வரும். வைஃபையோ எல்.டி.இ.யோ பாக்கெட் அளவில் வேண்டுமென்றால் என்எஸ்-3. சி++ கடினம்தான், ஆனால் அதன் பதிவுகளை உண்மையான வலையமைப்பின் பதிவுகளைப் போலவே வயர்ஷார்க்கில் திறந்து வரிவரியாகப் பார்க்கலாம். புடாபெஸ்டில் ஆண்ட்ராஷ் வர்கா தொடங்கிய ஓம்நெட்++ கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம். பகுதி பகுதியாகக் கட்டமைத்துச் சிந்திப்பவர்களுக்கு உகந்தது. சென்சார் கருவியில் உண்மையாகவே ஏற்றப்படும் நிரலைச் சோதிக்க விரும்பினால் கான்டிக்கியின் கூஜா. எஸ்.டி.என். கட்டுப்பாட்டு நிரல் எழுதுவோருக்கு மினிநெட். அது லினக்சின் உண்மையான வலையமைப்பு நிரலையே ஓட்டுவதால், மடிக்கணினி திணறினால் அளவீடும் திணறும், வேக ஒப்பீட்டிற்கு எச்சரிக்கை தேவை. பெங்களூரில் உருவான நெட்சிம் கற்பித்தலுக்கு நல்ல துணை. ஆனால் எந்த வணிக மென்பொருளானாலும் உரிமம் நிறுவனத்தின் பெயரில் இருக்கும். ஆய்வாளர் வெளியேறிய பின் தன் முடிவுகளைத் தானே திறந்துபார்க்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஓப்நெட்டை 2012இல் ரிவர்பெட் வாங்கியபின் அதன் பெயரே மாறிற்று. சிலருடைய கேள்விக்கு சிமுலேட்டரே வேண்டாம். ஒரு பக்கக் கணக்கு போதும்.

எம்.டெக். திட்டத்திற்கு ஓராண்டுதான், அதற்குள் என்எஸ்-3 கற்க முடியுமா என்பது நியாயமான கேள்வி. கேள்வியைச் சிறிதாக்குங்கள் என்பதே நேர்மையான விடை. வெளியான ஒரு கட்டுரையின் ஒரே ஒரு வரைபடத்தை வேறொரு சிமுலேட்டரில் மீண்டும் உருவாக்கி, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது, ஏன் என்று எழுதினால் அது முழுமையான எம்.டெக். பணி. ‘புதுமை எங்கே?’ என்று கேட்டு அதைத் திருப்பியனுப்பும் குழுக்கள்தாம் மாணவரைப் பெயரடைக் கடைக்கு அனுப்புகின்றன. கடைக்காரர் சந்தையைப் படைக்கவில்லை. நெறியாளர் கருவியைத் தொட்டுப் பல்லாண்டு ஆகியிருக்கும். ஆய்வகத்தில் கற்பிக்க ஆள் இல்லை. மதிப்பீட்டுக் குழு கேட்பது வரைபடத்தின் கோடு மேலே போகிறதா என்பதை மட்டுமே. இந்த மூன்று வெற்றிடங்களுக்கும் சேர்த்து மாணவரின் பெற்றோர் பணம் கட்டுகிறார்கள்.

நம் ஒழுங்குமுறைகளும் இதைப் பிடிப்பதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் சொற்களின் ஒப்புமையை அளக்கின்றன: 10 விழுக்காடு வரை தண்டனையில்லை, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. வாக்கியத்தைத் திருப்பிப்போட்டு எழுதினால் தப்பிவிடலாம். ஒரே நிரலை இருபது மாணவர்களுக்கு விற்று, இருபது வரைபடங்களுக்கு வெவ்வேறு நிறம் பூசினால் எந்த ஒப்புமை மென்பொருளும் வாய்திறக்காது. சொல்லைத் திருடுவதைக் குற்றமென்றும் சோதனையை விலைக்கு வாங்குவதை வழக்கமென்றும் கொள்ளும் ஒரு துறையை, களத்தில் ஒரு தகவலாளியின் ஊர், வயது, பதிவுசெய்த நாள் ஆகியவற்றைக் குறிக்கத் தவறினால் ஒரு சொல்லைக்கூட ஏற்காத ஒரு துறையிலிருந்து வந்த நான் வியப்போடு பார்க்கிறேன்.

நம் நாட்டில் வேறு வழி இல்லை என்று சொல்வாரும் உளர். சூரத்கல் என்.ஐ.டி.யைப் பாருங்கள். அங்குள்ள மாணவர்கள் என்எஸ்-3க்கு நெரிசலைக் கையாளும் வரிசை மேலாண்மை நிரல்களை எழுதியளித்திருக்கிறார்கள். அவை இன்று உலகெங்கும் தரவிறக்கப்படும் அதிகாரபூர்வப் பதிப்பின் உள்ளேயே இருக்கின்றன. ஒரு நிரலைப் பொதுமூலத் திட்டத்தில் சேர்க்க வேண்டுமானால் அறிமுகமில்லாத ஒருவர் வரிவரியாகக் கேள்வி கேட்பார். சோதனைகளையும் உடன் எழுத வேண்டும். நம் வாய்மொழித் தேர்வுகளில் பலவற்றைவிடக் கடுமையான தேர்வு அது.

எனவே துறைத் தலைவர்களிடமும் நெறியாளர்களிடமும் என் கோரிக்கை பெரிதன்று. ஆய்வேட்டில் இரண்டு பக்கங்களைக் கட்டாயமாக்குங்கள். எந்த சிமுலேட்டர், எந்தப் பதிப்பு, ஏன் மற்றவை இல்லை. எந்த இயல்பு மதிப்புகளை மாற்றினார், எவற்றை ஏன் விட்டுவைத்தார். எத்தனை ஓட்டங்கள், எந்தெந்த விதைகள். நிரல் எங்கே கிடைக்கும். வாய்மொழித் தேர்வில் மடிக்கணினியைத் திறக்கச் சொல்லி, ஒரு விதையை மாற்றி ஓட்டச் சொல்லுங்கள். புறத்தேர்வாளருக்குத் தேநீர் வருவதற்குள் முடிந்துவிடும்.

அந்த மாணவி இப்போது என்எஸ்-3இல் ஒரு பழைய கட்டுரையின் மூன்றாம் வரைபடத்தை மீட்டுருவாக்கிக்கொண்டிருக்கிறாள். இதுவரை ஒத்துவரவில்லை. வேறுபாடு பரப்புகை மாதிரியில் இருக்கிறதா, வரிசையின் நீளத்தில் இருக்கிறதா என்று நேற்றிரவு விடுதி மொட்டைமாடியில் அவளும் அவள் அறைத்தோழியும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். என்எஸ்-3 அறிந்த நண்பர்கள் யாரேனும் உதவ முன்வந்தால் அவளிடம் தெரிவிக்கிறேன்.